அத்திப்பள்ளிக்கு அப்பால் எல்லாம் தெரிந்தவர்

வலசை போகும் பறவைகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மனிதர்களிலும் அப்படி ஓர் இனம் உண்டு. பார்க்க வேண்டுமானால் ஓசூருக்கு வாருங்கள். வாரத்தில் ஐந்தரை நாள் அது சிப்காட் கொட்டகைகளுக்குள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அடக்கமாக மேயும். சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் தோளில் சிறகு முளைக்கும். கழுத்து தானாகப் பெங்களூர்ப் பக்கம் திரும்பும். ஜூஜூவாடியைக் கடந்து, கர்நாடகத்தின் வரவேற்பு வளைவைக் கடந்து, அத்திப்பள்ளி சுங்கச் சாவடியைத் தொட்டதும் மார்பு இரண்டு அங்குலம் விரியும். இந்த இனத்துக்கு ‘நம்ம இடம்’காரர் என்று பெயர்.

பெங்களூரில் பீர் எங்கே நன்றாக இருக்கும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்கக்கூட வேண்டாம், கேட்கலாமா என்று யோசியுங்கள், போதும். “நம்ம இடம் ஒண்ணு இருக்கு” என்பார். எங்கே என்றால் சொல்லமாட்டார். முகவரியைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் எதற்கு? “நானே கூட்டிட்டுப் போறேன். மேனேஜர் நம்ம பையன்.” உலகத்திலுள்ள மேனேஜர்கள் அனைவரும் அவருக்கு நம்ம பையன்கள். போய் உட்கார்ந்ததும் மெனு அட்டையைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுப்பார். பரிமாறுகிறவரைத் தோளில் தட்டி “என்னப்பா ராஜூ” என்பார். அவர் பெயர் ராஜூ இல்லை. ஆனாலும் அந்த நல்ல மனிதர் சிரித்து வைப்பார். மேடையில் யாராவது கிடார் வாசித்தால் ‘நம்மவர்’ மேஜையில் தாளம் போடுவார், பாட்டுக்கு அரை அடி பின்னால். நீங்கள் வாய் பிளந்து “இடம் பிரமாதம்!” என்றால் பரிதாபமாகப் பார்ப்பார். “நீங்க ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கணும்.”

எந்த இடத்துக்கு, எந்த வருஷம் போனாலும் இரண்டு வருஷம் தாமதமாகத்தான் போயிருப்பீர்கள். அது உங்கள் ஜாதகம்.

தூரக் கணக்கும் இவர்களுக்குத் தனி. ஓசூரிலிருந்து கோரமங்களாவுக்கு எவ்வளவு நேரம்? “இந்தா, அரை மணி.” நடுவே சில்க் போர்டு சிக்னல் என்று ஒன்று இருக்கிறதே? அங்கே சிவப்பு விழுந்து பச்சை விழுவதற்குள் ஒரு கைக்குழந்தைக்கு இரண்டு பல் முளைத்து, “அம்மா, எறங்கி நடந்தே போலாமா?” என்று அது கேட்டதாகக் கேள்வி. ‘நம்ம இடம்’காரருக்கு மட்டும் எப்போதும் அரை மணி.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி என்றால் அது ஆனந்த்தான். வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். பகலெல்லாம் நட்டும் போல்ட்டும். ஆனால் ‘சனிக்கிழமை சங்கம்’ என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் நான்கு வருஷமாக அட்மின். எந்தச் சனிக்கிழமை எங்கே போவது, யார் வரலாம், எத்தனை மணிக்குக் கிளம்புவது, எல்லாம் அவர் உத்தரவு. ஸ்டோர்ஸில் ஒரு வாஷர் எடுத்துக் கொடுக்கக்கூட மேலதிகாரியின் கையெழுத்து வாங்க வேண்டிய மனிதருக்கு அந்த ஒரு பதவி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். அது போய்விட்டால் மிஞ்சுவது நட்டும் போல்ட்டும்தானே?

அதற்குத்தான் வந்தது ஆபத்து.

உற்பத்திப் பிரிவு மேலாளர் சிவராஜுக்கு இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு புனே கிளைக்கு மாற்றல். அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேராக வழியனுப்பு விருந்து என்று முடிவு. எங்கே? வெள்ளிக்கிழமை கேண்டீனில் விவாதம். தரப் பரிசோதனையில் இருக்கும் ஜெயப்ரியா முதலில் வாயைத் திறந்தார். அவர் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். கேண்டீன் வடையைக்கூட இருபுறமும் திருப்பிப் பார்த்துத்தான் கடிப்பார்.

“பாகலூர் ரோட்ல சுமலதாக்கா மாடி இருக்குதுல்ல? கீழ பாரு நடக்குது, மேல மாடில ஃபேமிலி ஓட்டல். காத்து நல்லா வரும். மைக் வெச்சிருக்காங்க, யார் வேணா பாடலாம். அங்கயே வெச்சுக்கலாம்.”

ஆனந்த் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “மேடம், இருவத்திரெண்டு வருஷம் ஒழைச்ச மனுசன். அவரை மொட்டை மாடில உக்கார வெச்சு அனுப்பறதுக்கு, நேரா பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்துடலாம். எலக்ட்ரானிக் சிட்டில நம்ம இடம் ஒண்ணு இருக்கு. பீரை அங்கயே காய்ச்சறாங்க. மேனேஜர் திருமலை நம்ம பையன். ஒரு போன் போட்டா போதும்.”

“அந்தப் பக்கம் ஏதோ எலெக்‌ஷன்னு சொன்னாங்களே?”

“அது வாத்தியாருங்க எலெக்‌ஷன் மேடம். வாத்தியாருங்க மட்டும் ஓட்டுப் போடறது. வாத்தியாருக்கும் பாருக்கும் என்னங்க சம்பந்தம்?”

கேண்டீனே சிரித்தது. ஜெயப்ரியா சிரிக்கவில்லை. “சரி, தப்பாப் போச்சுன்னா?”

“போச்சுன்னா அட்மினை உங்ககிட்டக் குடுத்துடறேன். அப்பறம் எந்தச் சனிக்கிழமையும் நான் வாயே தொறக்கமாட்டேன். போதுமா?”

பதினொரு பேர் சாட்சி. விருந்துக்குரிய சிவராஜையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். “எனக்கு எங்கன்னாலும் சரிங்க. உக்கார ஒரு நாற்காலி, சூடா ஏதாச்சும் ஒண்ணு. வேற என்னங்க வேணும்?” என்றார் அந்த அப்பாவி.

சனிக்கிழமை மூன்றரைக்கு வேன் கிளம்பியது. ஓட்டியவர் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் தமிழரசன். வேன் அவருடைய மச்சானுடையது. ஆனந்த் முன்சீட்டில், இரு கைகளையும் விரித்து, கப்பலோட்டி போல. திருமலைக்கு அவர் போன் போட்டிருந்தாரா? போட்டிருப்பார், அவரிடம் திருமலையின் எண் இருந்திருந்தால்.

அத்திப்பள்ளியைத் தாண்டும்போது நான்கு மணி. அப்போதுதான் அந்த அதிசயம். சாலையோரத்து முதல் மதுக்கடையின் ஷட்டர் தடதடவென்று கீழே இறங்கியது. வேன் நகர்ந்தது, இரண்டாவது கடையின் ஷட்டர் இறங்கியது. மூன்றாவது. நான்காவது. ஆனந்த் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் சாத்துகிறார்கள் என்று சத்தியம் செய்யலாம். அவ்வளவு ஒழுங்கு, அவ்வளவு அணிவகுப்பு.

“என்ன ணா, வரிசையா மூடறாங்க?” என்றார் தமிழரசன்.

“கணக்கு முடிக்கிற நேரம்ப்பா. நாலு மணிக்கு மூடிட்டு அஞ்சுக்குத் தொறப்பாங்க. உனக்குத் தெரியாது.”

சந்தாபுராவில் ஒரு பெரிய பார், பூட்டின் மேல் பூட்டு. “அது ரெண்டு வருஷமாவே சரியில்ல.” அடுத்த பார். “பெயின்ட் அடிக்கிறாங்க போல.” அதற்கடுத்தது. “ஓனர் வீட்ல ஏதோ விசேஷம்.” ஒரே மாலையில் ஒரு நெடுஞ்சாலை முழுவதற்கும் பெயின்ட்டும் விசேஷமும் வந்து சேர்ந்தன.

எதிர்ப்பக்கச் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்த தமிழரசனுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. “ணா, கொஞ்சம் அங்க பாருங்க. கேஏ நம்பர் வண்டியா நம்ம ஊர்ப் பக்கம் போய்ட்டே இருக்குது. திருவிழாக் கணக்கா.”

“சனிக்கிழமைன்னா சொந்த ஊருக்குப் போவாங்கப்பா.”

“சொந்த ஊருக்குப் போறவன் எதுக்கு ணா ஐஸ் பெட்டி கட்டிட்டுப் போறான்?”

ஆனந்த் ஏசியைக் கூட்டி வைத்தார்.

எலக்ட்ரானிக் சிட்டி. நம்ம இடம். நான்கு மாடி உயரத்துக்குக் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு சொட்டு வெளிச்சம் இல்லை. வாசலில் காவலாளி ஸ்டூல் போட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“இவத்து பந்த் சார். மேஷ்ட்ரு எலெக்‌ஷன்” என்றார். இன்றைக்கு மூடல், வாத்தியார் தேர்தல். திங்கள் மாலைவரை இதே கதிதான்.

பாவம் ஆனந்த், அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நம் பக்கத்தில் மேலவையை ஒழித்து எத்தனையோ காலமாகிவிட்டது. எல்லையைத் தாண்டினால் அந்த மேலவை இன்னும் உயிரோடு இருக்கும், அதில் வாத்தியார்களுக்கென்றே ஒரு தொகுதி இருக்கும், அதற்கு ஒரு தேர்தல் வரும், சில ஆயிரம் வாத்தியார்கள் தெளிந்த புத்தியோடு ஓட்டுப் போடுவதற்காக ஒரு மாநகரமே இரண்டு நாள் நாக்கு வறண்டு கிடக்கும் என்று ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருப்பவர் எப்படி அறிவார்? தெரியாதது குற்றமில்லை. ‘தெரியாது’ என்ற அந்த நான்கெழுத்தை மட்டும் அவர் நாக்கு எந்தக் காலத்திலும் கற்றுக்கொள்ளவில்லை.

கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “மேனேஜர் திருமலை இருப்பாரில்ல? ஓசூர் ஆனந்த் வந்திருக்கேன்னு சொல்லுங்க.”

காவலாளி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். “அவரு ஹொசூருக்கு ஹோதரு சார்.”

மேனேஜரே ஓசூருக்குப் போய்விட்டார்!

வேனில் ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சிவராஜ்தான் தோளைத் தொட்டு, “பரவால்லீங்க, கட்டடத்தையாச்சும் பாத்தாச்சு” என்றார். அது திட்டைவிட ஆழமாக இறங்கியது. ஆனந்த் போனை எடுத்தார், ஜெயப்ரியாவை அட்மின் ஆக்கினார், தன்னை நீக்கிக்கொண்டார்.

“மேடம், இனிமே சத்தியமா வாயே தொறக்கமாட்டேன்.”

“பாக்கலாம்” என்றார் ஜெயப்ரியா. புது அட்மின் முதல் வேலையாக சுமலதாவுக்குப் போன் போட்டார். “அக்கா, பன்னெண்டு சீட்டு. ஒரு மணி நேரத்துல வந்துடறோம். புடிச்சு வைங்க.”

ஒரு மணி நேரமாவது! இப்போது இவர்களும் ஓசூருக்குப் படையெடுக்கும் பெங்களூர்ச் சேனையில் கடைசி வரிசை. ஜூஜூவாடிக்கு வரும்போது வேன் நகர்வதை நிறுத்தி நிற்பதையே தொழிலாக வைத்துக்கொண்டது. காற்றுக்காக ஆனந்த் ஜன்னலைத் திறந்தார். பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே ஐந்து இளைஞர்கள், ஐந்து வறண்ட முகங்கள். வேனின் தமிழ்நாட்டு நம்பர் பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்.

“சார், நீவு ஓசூரா? குடிக்கறதுக்கு நல்ல ஜாகா எங்க சார்?”

ஆனந்த் உதட்டைக் கடித்தார். வானத்தைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வினாடி. நான்கு வினாடி அவர் தாங்கியதை வரலாறு மறக்கக் கூடாது.

“நம்ம இடம் ஒண்ணு இருக்கு” என்றார்.

வேனுக்குள் பதினொரு தலைகள் திரும்பின. ஆனால் அணை உடைந்துவிட்டது. “பாகலூர் ரோடு. மொட்டை மாடி. காத்துன்னா அப்பிடி ஒரு காத்து. மைக் இருக்கு, யார் வேணா பாடலாம். சுமலதாக்கா நம்ம ஆளு. ஆனந்த் அனுப்பினார்னு மட்டும் சொல்லுங்க.” பின்னாலிருந்த கார் கேட்டது, அதற்கும் சொன்னார். இரண்டு பைக்குகள் வந்தன; இறங்கி நின்று, கையை வீசி, சந்து சந்தாக வழி சொன்னார். போக்குவரத்துக் காவலரே ஒரு கணம் இவரிடம் வேலையை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார் என்பார்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஆனந்த் தனக்கு உண்மையாகவே தெரிந்த ஓர் இடத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

சுமலதாவின் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. கல்லாவிலிருந்து அவர் கத்தினார். “மேடம், நான் என்னதான் பண்றது? யாரோ ஆனந்தாம். அவரு அனுப்பினார்னு வண்டி வண்டியா வந்து எறங்கறாங்க. உங்க பன்னெண்டு சீட்டையும் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. அந்தாளு மட்டும் என் கையில கெடச்சான்...”

பதினொரு பேரும் ஒரே அடியில் விலகி நின்றார்கள். நடுவில் ஆனந்த்.

தோசைக் கரண்டி ஓங்கப்பட்டிருக்கும். அதற்குள் மேலேயிருந்து “ஆனந்த் சார் பந்த்ரு, வந்துட்டாரு!” என்று ஒரு குரல். அறுபது பேர் எழுந்து கை தட்டினார்கள். நாற்காலிகள் தலைக்கு மேலாகக் கைமாறி வந்தன. போதாததற்குக் காலிப் பாட்டில் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டார்கள். விருந்து யாருக்கு என்று தெரிந்ததும் சிவராஜை நட்டநடுவே உட்கார வைத்து, வெங்காயப் பக்கோடாவைக் குவித்து, கன்னடத்தில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஒன்று, தமிழில் இரண்டு. சிவராஜின் கண்ணில் நீர். பச்சை மிளகாய் என்றார். நம்புங்கள்.

ஒரு சஃபாரி உடைக்காரர் ஆனந்திடம் வந்து கை குலுக்கினார். “நல்ல இடம் காட்டினீங்க சார். என் பேரு திருமலை. எலக்ட்ரானிக் சிட்டில ஒரு பாருக்கு மேனேஜர். ஒரு நாள் வாங்களேன். இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?”

ஜெயப்ரியா அங்கேயே நின்று, கன்னத்தில் கை வைத்து, பதிலுக்காகக் காத்திருந்தார்.

“இல்லீங்க” என்றார் ஆனந்த். அந்த ஒரு வார்த்தை வெளியே வர, ஒரு பக்கோடா தின்னும் நேரம் ஆயிற்று.

அத்துடன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ‘சனிக்கிழமை சங்கம்’ இப்போது ஜெயப்ரியா கையில். கிளம்பும் நேரத்தை அவர் நிமிஷக் கணக்கில் போடுகிறார். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே சரியாக வருகிறார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ‘ஓசூர் வீக்கெண்ட்’ என்று ஒரு புதுக் குழு பிறந்துவிட்டது. உறுப்பினர்கள் நூற்று நாற்பது பேர், அத்தனையும் பெங்களூர் எண்கள். அட்மின் ஒருவரே. சுமலதாவின் மாடியைப் பற்றிப் புதிதாக யாராவது புகழ்ந்தால் அவர் இப்போது பரிதாபமாகச் சொல்கிறார்: “எலெக்‌ஷன் அன்னைக்கு வந்திருக்கணும் நீங்க.”

சிரிக்கிறீர்கள். இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார், ‘அப்படியே அவன்தான்!’ என்று தொடையைத் தட்டியிருப்பீர்கள்; இதை அவருக்கு அனுப்பி வைக்க விரல் துறுதுறுக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் உங்கள் போனை மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். காலையிலிருந்து இதையே உங்களுக்கு எத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள்?