ஆறு திரைகள் உறைந்த படலம்

வாழ்க வினோஜா! கிளிநொச்சிக் கணினி நிலையத்தில், கீச்சிடும் சுழல்கதிரையே அரியணையாக, எழுத்துத் தேய்ந்த விசைப்பலகையே கேடயமாக வீற்றிருந்து நிரல்களின் பிழைகளைத் துரத்தும் வழு வேட்டைக்காரி வாழ்க! சமாதான காலமாகிய இரண்டாயிரத்து நான்கில் அவளை வாட்டிய பகை யானையுமன்று, சேனையுமன்று. மூலையில் கிடந்த பழைய புள்ளி அச்சுப்பொறி ஒரு வரி அடிக்கத் தொடங்கினால், ஒரே கணினியோடு பிணைந்த ஆறு திரைகளிலும் எழுத்துகள், நாகபாசத்தில் கட்டுண்ட மறவரைப்போல உறைந்தன. வரி முடிய உயிர்த்தன. அடுத்த வரிக்கு மறுபடி மாண்டன. ஏன் என்று மூன்று நாளாக அவளுக்கு விளங்கவில்லை.

தமிழ் அறியாத அந்த அச்சுப்பொறிக்குத் தமிழ் புகட்ட, இயங்குதளத்தின் கருவறையாகிய கெர்னலுக்குள்ளேயே புகுந்து, ஒவ்வோர் எழுத்தையும் புள்ளிகளாக வரையும் நிரலொன்றை மூன்று மாதம் தவமிருந்து எழுதியவள் அவள். நிலையத்து அதிபர் பரமலிங்கமோ அன்று காலை பிரகடனம் செய்துவிட்டார்: “பன்னிரண்டுக்கு ஜெனரேட்டரை நிப்பாட்டுவன், பிள்ளை. அதுக்கிடையில சரிவராட்டி உம்மட நிரலை அழிச்சுப்போட்டு, கொழும்புச் சீடியைப் போடுறன்.” அந்தச் சீடியிலுள்ள நிரலுக்குத் தமிழ் தெரியாது; அது ஏறினால் அச்சுப்பொறி தமிழை மறக்கும், ஒரு பக்கம் தமிழில் அடிக்க ஓமந்தைச் சோதனைச்சாவடி கடந்து வவுனியாவுக்குப் பஸ் ஏறவேண்டும்.

வினோஜா போர் தொடுத்தாள். வயர்களைப் பிடுங்கிச் செருகினாள். நினைவகத் தகட்டை ஊதினாள். புழுதி எழுந்தது, வெற்றி எழவில்லை.

பதினொன்றரைக்கு, முரசுமோட்டைக் கமக்காரர் சங்கச் செயலாளர் இராசேஸ்வரி, இரணைமடுத் தண்ணீருக்கான முறைப்பட்டியலை அடிக்க வந்தா. திரைகள் உறைவதைப் பார்த்துக் கதிரையில் சாய்ந்து, தன் வாய்க்காலின் மாபாதகன் வீரகத்தியைப் பற்றிப் புலம்பத் தொடங்கினா.

“முறை வந்து வாய்க்காலை மறிச்சாப்பிறகுதான் அவர் மண்வெட்டி தேடுவார். பிறகு வரம்பு கட்டுவார். முன்னமே கட்டிப்போட்டு வந்தா என்னவாம்? கீழ்வயல்காரர் எல்லாம் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

வினோஜா திரும்பினாள். “அக்கா, அதைத் திருப்பிச் சொல்லுங்கோ.”

“வீரகத்தி அண்ணரின்ர கதையோ? சொல்லத் தொடங்கினா பொழுதுபட்டிடும்.”

ஆனால் வாசகரே, வினோஜாவுக்குப் பொழுது விடிந்துவிட்டது! அடிக்கவேண்டிய வரிகள் நினைவகத்தில் ஒரு வரிசையாக நிற்கும். இரண்டு பேர் ஒரே கணத்தில் அதில் கைவைத்தால் சிக்கிப்போகும். அதைத் தடுக்கவே அவள் நிரலுக்குள் ஒரு பூட்டு. அந்தப் பூட்டு விழுந்திருக்கும்வரை கெர்னல் வெளியுலகக் குரல் எதற்கும் செவிகொடாது; ஆறு திரைகளிலிருந்து வரும் விசைத்தட்டுகள் அத்தனையும் வாசலில் காத்துக்கிடக்கும். வினோஜாவோ நான்கு இடப்பெயர்வு கண்ட வீட்டுப் பிள்ளை. பெட்டியைப் பூட்டிய பிறகே மூச்சுவிட்டு வளர்ந்தவள். பூட்டு எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு பத்திரம் என்பதே அவள் வேதம். ஆகையால் பூட்டைப் போட்டுவிட்டு, உள்ளிருந்தபடியே வரியை எடுத்து, தமிழ் எழுத்துகளின் கொம்பும் விசிறியும் புள்ளி புள்ளியாக வரைந்து, அச்சுத்தலை ஆமைபோல் அக்கரை போய்த் திரும்பும்வரை காவல் நின்று, அதன்பின்னரே திறந்தாள்.

எடுத்தாள் வாளை. வரையும் வேலையைப் பூட்டுக்கு வெளியே தள்ளினாள். உறைவு குறைந்தது, ஓயவில்லை. பதினொன்று ஐம்பது. பரமலிங்கம் சீடியை உறையிலிருந்து உருவினார். அச்சுத்தலைக்காகக் காத்திருப்பதையும் வெட்டி வெளியே எறிந்தாள். நிரலை மறுபடி ஏற்றினாள். அச்சுப்பொறி முறைப்பட்டியலைப் போர்முரசென அதிர்ந்து அடிக்க, ஆறு திரைகளிலும் எழுத்துகள் வாய்க்கால் திறந்த வெள்ளமாய்ப் பாய்ந்தன. பரமலிங்கம் சீடியை மேசை லாச்சிக்குள் வைத்துச் சாத்தினார்.

வினோஜாவின் புது வேதம் இதுவே: பூட்டைப் போட்டு வரிசையிலிருந்து வரியை மட்டும் எடுத்துவிட்டு உடனே திறந்துவிட வேண்டும், மற்ற வேலையை வெளியே வந்து செய்யலாம்.