வசுமதி உடும்பு சொன்ன வெள்ளிக்கிழமை

“இத்தனை வருஷமா கல்லுமேல வயித்த வெச்சுப் படுத்துக் கிடக்கறீங்களே, பூமி என்னிக்கு ஆடும்னு ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்ல, அப்புறம் என்னத்துக்கு உங்களுக்கு டாக்டர் பட்டம்?”

ஒரு காட்டில், கரடுமலையின் அடிவாரத்தில், கோமதிநாயகம் என்ற முள்ளம்பன்றி கேட்டது இது. ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. கோமதிநாயகம் அடிவாரக் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். கேள்வி கேட்கும்போது முள்ளைச் சிலிர்த்துக்கொள்வார். பதில் வரும்போது கொட்டாவி விடுவார். அன்று காலை பூமி லேசாக ஒரு உலுக்கு உலுக்கியதில் அவர் வீட்டு ஊறுகாய் ஜாடி உருண்டு உடைந்துவிட்டது. அதனால் அவசரக் கூட்டம்.

கேள்வியை வாங்கிக்கொண்டு நின்றவள் வசுமதி. உடும்பு. மற்ற உடும்புகள் பாறையைப் பிடித்தால் ஏறுவதற்குப் பிடிக்கும். இவள் கேட்பதற்குப் பிடித்தாள். பாறை என்றால் அசையாதது என்றுதான் காடே நம்பிக்கொண்டிருந்தது. “இல்லை. அழுத்தினால் வளையும். ரொம்ப நாள் பொறுத்துக்கொள்ளும். அப்புறம் ஒரேயடியாக உடையும். அப்போதுதான் பூமி ஆடுகிறது” என்றாள் வசுமதி. கல்யாணமாகிப் போன பெண்களைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து, பெண் முயல்கள் எல்லாம் பலமாகத் தலையாட்டின.

அவளுடைய ஆராய்ச்சிக் கருவியின் பெயர் துரைசிங்கம். பெயர்தான் சிங்கம், ஆள் யானை. கல்லை வைத்து, “காலை வைங்க அண்ணே, மெதுவா, இன்னும் கொஞ்சம்” என்பாள். அவரும் வைப்பார். வைத்த காலோடு நின்றபடியே தூங்கியும் விடுவார். அதற்கு ‘நீண்டகால அழுத்தம்’ என்று பெயர் கொடுத்து வசுமதி அதையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டாள்.

இத்தனையும் செய்து அவள் கண்டுபிடித்தது என்ன? வீட்டில் சீடை பொரிப்பவர்களுக்கு ஒரே வரியில் புரியும். ஒரே மாவு, ஒரே எண்ணெய், ஒரே கை. ஒன்று சமர்த்தாகச் சிவக்கும், ஒன்று முகத்தில் வெடிக்கும். வெடிக்கப்போகிற ஈடு என்று தெரியும். எது, எப்போது என்று தெரியாது. தெரிகிறது என்று சொல்கிறவள் சீடை பொரித்ததே இல்லை.

இதை எழுதி அனுப்பியதும், மதிப்பீட்டாளர் ஆந்தை, கான்வென்ட் தலைமைக் கன்னியாஸ்திரி மாதிரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “தெரியாது என்பதை இன்னும் விரிவாக எழுதவும்” என்றது. எழுதினாள். டாக்டர் பட்டம் கிடைத்தது. அன்றே ஒரு முயல் வயிற்றுவலிக்கு மருந்து கேட்டு வந்தது.

இப்போது கரடுமலைக்கு வருவோம். மலையின் இடுப்பில் நீளமாக ஒரு விரிசல். அதன் குறுக்கே நூல் கட்டச் சொல்லிச் சிலந்தியை ஏவியிருந்தாள் வசுமதி. விரிசல் விலகினால் நூல் அறும். கொஞ்ச நாளாகக் கட்டக் கட்ட அறுந்துகொண்டிருந்தது. மலை உடையப் போகிறது என்பது நிச்சயம். அதற்கு நேர் கீழேதான் அடிவாரத்து வளைகள் அத்தனையும். அதில் ஒன்றில் அவளுடைய அக்கா சுலோசனா, முட்டைகளோடு.

எப்படியாவது எல்லாரையும் கிளப்பிவிட வேண்டும். அதற்குத்தான் கூட்டத்துக்கே வந்திருந்தாள்.

“சுத்தி வளைக்காதீங்க டாக்டரம்மா. நாளைக்கு ஆடுமா, ஆடாதா?” என்றார் கோமதிநாயகம்.

“நாளைக்கு ஆடும்னு சொல்ல முடியாது” என்றாள் வசுமதி.

ஒரே கைதட்டல்.

“இருங்க! ஆடாதுன்னும் சொல்ல முடியாது!”

அதற்குள் காக்கை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டது: ‘நாளை ஆடாது. டாக்டர் வசுமதி உறுதி.’ கீழே ஒரு ரோஜாப்பூ, இரண்டு கும்பிடு. மறுத்து எழுதலாம் என்று வசுமதி பார்த்தால், அட்மின்கள் மட்டுமே பதிவிடலாம் என்று வந்தது. அட்மின் கோமதிநாயகம். அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

வசுமதி அக்காவின் வளைக்கு ஓடினாள்.

“அக்கா, முட்டையை எடுத்துக்கிட்டு புல்வெளிக்கு வந்துடு.”

“நீதானேடி ஆடாதுன்னு சொன்ன? குரூப்ல வந்துச்சே.”

“நான் அப்படிச் சொல்லலை. ஆடலாம்னு சொல்றேன்.”

“ஆடலாமா? ஆடட்டுமேன்னு பர்மிஷன் குடுக்கிற மாதிரி இருக்கு. போய் ஒழுங்கா படிச்சிட்டு வா.”

வசுமதி துரைசிங்கத்திடம் போய் அழுதாள். அவர் தும்பிக்கையால் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“நீ கல்லைப் பத்திப் படிச்சே, தாயி. காதைப் பத்திப் படிக்கலை. ஒரு தேதி சொல்லு, தன்னால எந்திரிச்சுப் போவாங்க.”

“தெரியாத தேதியை எப்படிண்ணே சொல்றது? பொய்யில்லையா?”

“பொய்தான். கேட்பாங்க.”

வாழ்க்கையில் தெரியாததைத் தெரியும் என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவள் வசுமதி. மறுநாள் பாறைமேல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை ஆடும். மத்தியானம். சாப்பாட்டுக்கு முன்னாடி.”

“சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமா?” என்று ஒரு காட்டுப்பன்றி கேட்டது.

“கூடாது.”

அந்தக் ‘கூடாது’தான் அவர்களை நம்பவைத்தது. வியாழன் பொழுது சாய்வதற்குள் அடிவாரம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு புல்வெளியில் இருந்தது. சுலோசனா முட்டைகளை வரிசையாக அடுக்கி, “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று தங்கையைத் திட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்றும் ஆடாவிட்டால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று வசுமதி யோசித்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. கோமதிநாயகம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். முதல் கவளம் வாய்க்குப் போகும் நேரத்தில் பூமி ஆடியது. கரடுமலையில் பாதி சரிந்து அடிவாரத்தின் மேல் விழுந்தது. ஒரு வளை மிஞ்சவில்லை. ஓர் உயிர் போகவில்லை. ஒரு முட்டையில் கீறல்கூட இல்லை.

“தற்செயல்! நான் சும்மா சொன்னேன்!” என்று வசுமதி கத்தினாள்.

“என்ன ஒரு அடக்கம்!” என்றது காடு.

அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசலில் டோக்கன் போட்டு வரிசை. பலா எப்போது பழுக்கும், மகளுக்கு எப்போது அமையும், போன மாப்பிள்ளை எப்போது திரும்புவார். ‘வெள்ளிக்கிழமை முறை’ பற்றிக் கட்டுரை கேட்டு ஆந்தையே நேரில் வந்தது. அப்படி ஒரு முறையே கிடையாது என்று வசுமதி எழுதிக் கொடுத்தாள். தொழில் ரகசியத்தை வெளியே விடமாட்டேன் என்கிறாள், கெட்டிக்காரி என்று பேசிக்கொண்டார்கள்.

வீடிழந்தவர்கள் எல்லாரும் பக்கத்து மலையின் அடிவாரத்தில் வளை தோண்டிக் குடியேறினார்கள். அதற்குச் சாய்மலை என்று பெயர். பெயரைக் கேட்டாவது யோசித்திருக்கலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புளியோதரை கட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போவார்கள். சாப்பிடுவார்கள். பூமி ஆடவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அடுத்த வெள்ளி வரை நிம்மதியாக இருப்பார்கள்.

வசுமதி சாய்மலை விரிசலிலும் நூல் கட்டினாள். சில மாதம் சும்மா இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கட்டக் கட்ட அறுந்தது. போன தடவையைவிட வேகமாக. சிலந்தி நூலைப் போட்டுவிட்டு மலையைவிட்டே இறங்கி ஓடியது.

வசுமதியும் ஓடினாள்.

“எல்லாரும் கிளம்புங்க! இப்பவே!”

“என்னிக்கு?” என்றார் கோமதிநாயகம்.

இந்தத் தடவை அவள் யோசிக்கவே இல்லை. “இன்னிக்கு! சாப்பாட்டுக்கு முன்னாடி!”

கோமதிநாயகம் சிரித்தார். “இன்னிக்கு செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா. பூமி வெள்ளிக்கிழமைதானே ஆடும்? நீங்களே சொல்லிட்டு நீங்களே மாத்தினா எப்படி? ரொம்ப உழைக்கறீங்க. போய் ரெஸ்ட் எடுங்க.”

காலுக்குக் கீழே என்னவோ முனகியது. வசுமதி அக்காவின் வளை வாசலில் போய் விழுந்தாள். உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்டது.

“அக்கா, குஞ்சுகளைத் தூக்கிக்கிட்டு வெளியே வா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமைன்னு வெச்சுக்கோயேன்.”

“வெள்ளிக்கிழமை வா, வர்றேன்” என்றாள் அக்கா உள்ளேயிருந்தே.

நீதி: பொய் சொல்வதில் தவறில்லை. அது பலித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.