சிரிக்காத சாரின் மீம் வகுப்பு

பினாங்குத் தீவில் சிரிப்பே வராதவர்களை வரிசையாக நிற்கவைத்தால், எங்கள் பள்ளி மீம் சார்தான் முதல் ஆளாக நிற்பார். அவருக்குப் பின்னால் நிற்க ஆள் கிடைக்காது என்பது வேறு விஷயம். அப்படிப்பட்டவர்தான் ஜார்ஜ்டவுனிலேயே முதன்முதலாக மீமை வைத்துத் தமிழ் நடத்தியவர். முதன்முதலா என்று சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய் அவரிடம் வாதாடலாம். மூன்று மணி நேரம் கையில் இருந்தால் நல்லது.

நான் அதே இடைநிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறேன். ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் தினமும் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வருவார். அலை அடித்தாலும் மழை கொட்டினாலும் முகம் ஒன்றுதான். பாஸ்போர்ட் படம் எடுக்கிறவர்கள் கும்பிட்டு வரவேற்கக்கூடிய முகம்.

எல்லாம் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிப் பட்டறையில் ஆரம்பித்தது. "மீம் போடச் சொல்லிப் பாடம் நடத்துங்கள், பிள்ளைகள் தூங்கமாட்டார்கள்" என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். சார் அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"டீச்சர், மீம்னா என்னா?"

கைப்பேசியில் ஒன்றைக் காட்டினேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு பூனை. கீழே 'திங்கட்கிழமை காலையில் நான்' என்று எழுதியிருந்தது. அவர் இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"யாரு வீட்டுப் பூனை?"

"தெரியாது சார்."

"திங்கட்கிழமைன்னு பூனைக்கு எப்படித் தெரியும்?"

"ஐயோ சார், இது சிரிக்கிறதுக்குலா!"

"ஓ" என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பள்ளியில் மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர் ஒரு கட்டு மாஜோங் தாள் வாங்கிவந்தார். குழுவேலைக்கு நாங்கள் சுவரில் ஒட்டுகிற அந்தப் பெரிய வெள்ளைத் தாள்தான். இணையமே இல்லாத இணைய மீம் அப்படித்தான் பிறந்தது. ஒவ்வொரு மீமுக்கும் தலைப்பு, முன்னுரை, முடிவுரை கட்டாயம். வலது மூலையில் தேதி. மூன்றாம் படிவத்துப் பையன் ஒருவன் 'கம்பி நீட்டுதல்' என்ற மரபுத்தொடருக்கு, தமிழ் வகுப்பு நேரத்தில் வேலி தாண்டி நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு ஓடுகிற மாணவனை வரைந்திருந்தான். சார் சிவப்பு மையில் எழுதிய குறிப்பை நான் மனப்பாடமாகவே சொல்வேன்: 'கருத்து சரி. ஓடுபவர் பள்ளிச் சின்னம் அணியவில்லை. ஒரு மதிப்பெண் குறைவு.'

நகைச்சுவைக்கு என்று தனியாக ஐந்து மதிப்பெண் வைத்திருந்தார். அங்கேதான் சிக்கல். எது சிரிப்பு என்று அவருக்குத் தெரியாது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி நான். தாளை என் முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்ப்பார். பல் தெரிந்தால் ஐந்து. உதடு மட்டும் அசைந்தால் மூன்று. ஒரு நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னம் மரத்துப்போய், வகுப்பை விடக்கூடாதே என்று பள்ளிக்கு வந்தேன். சார் வழக்கம்போல் முப்பது தாளையும் காட்டிவிட்டுப் போனார். அன்று மொத்த வகுப்புக்கும் நகைச்சுவையில் முட்டை. பிள்ளைகள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். "டீச்சர், நீங்க பல் புடுங்குனதுக்கு நாங்க என்னா செய்றது?" என்றாள் தர்ஷினி. வகுப்பிலேயே நன்றாக வரைகிறவள், வாயும் அதிகம்.

இவ்வளவு கூத்துக்கும் பின்னால் ஒரு கவலை இருந்தது. அடுத்த ஆண்டு நான்காம் படிவத்தில் தமிழை ஒரு பாடமாக எடுக்கப் பதினைந்து பேராவது பெயர் கொடுத்தால்தான் வகுப்பு என்று முதல்வர் சொல்லிவிட்டார். எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு மதியம், மணியடித்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு. வெயில், பசி, போதாததற்கு 'தமிழ் எடுத்தால் ரிசல்ட் கெட்டுவிடும்' என்கிற பெற்றோர். சேர்ந்தவர்கள் பதினொரு பேர், தர்ஷினி அதில் இல்லை. சார் எனக்குக் காலை வணக்கம் சொல்வதையே விட்டுவிட்டார். பையை வைத்துவிட்டு "பதினொன்னு, டீச்சர்" என்பார். அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் தர்ஷினி நடைவழிப் பலகையில் ஒரு மாஜோங் தாளை ஒட்டினாள். யாரும் கேட்டு வரைந்ததல்ல. நாலு கட்டம், நாலிலும் மீம் சார். சம்பளம் வந்தபோது, ஃபெர்ரியைத் தவறவிட்டபோது, பல்லி தலையில் விழுந்தபோது, ஓசியில் துரியான் பழம் கிடைத்தபோது. நாலிலும் ஒரே முகம், ஒரு கோடுகூட மாறவில்லை. மேலே கொட்டை எழுத்தில் 'சாரின் உணர்ச்சிகள்'. நான் பார்த்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கட்டொழுங்கு ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த முகம் யாருடையது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆசிரியரை அவமதித்த குற்றம் என்று தர்ஷினியைத் தன் அறைக்கு வெளியே நிறுத்தினார், அவள் அப்பாவை மறுநாள் வரச் சொன்னார். மீம் சாரையும் கூப்பிட்டார், நானும் கூடவே போனேன். சார் தாளை மேலிருந்து கீழே படித்தார். பிறகு மலாயில், "இது நான் கொடுத்த வீட்டுப்பாடம்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. அன்று மதியமே வகுப்புக்குப் போய், 'உங்கள் தமிழாசிரியரைப் பற்றி ஒரு மீம் வரைக' என்று எல்லோருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார். இப்போது அது பொய்யில்லை, அல்லவா?

மறுநாள் காலை நடைவழி முழுக்க மீம் சார். கொட்டாவி விடும் சார், குடை பறக்கும் சார், கோழியிடம் இலக்கணம் கேட்கும் சார். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். அவர்களில் மூன்று பேர் அங்கேயே அவரிடம் போய், "சார், தமிழ் எடுத்தா உங்கள இப்படியெல்லாம் வரையலாமா?" என்று கேட்டார்கள். "வரையலாம். முன்னுரை வேணும்" என்றார். மூவரும் பெயர் கொடுத்தார்கள். பதினான்கு.

தர்ஷினியின் அப்பாவுக்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே ஆசிரியர் அறைக்கு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார், பாவம். மகளைத் திட்டப்போகிறார்கள் என்று பயந்து வந்தவர் முன்னால் சார் அந்தத் தாளை விரித்தார்.

"ஒங்க பொண்ணுக்கு இருபதுக்குப் பத்தொன்பது. எனக்குத் துரியான் பிடிக்காது. அதுக்கு ஒன்னு கொறச்சேன்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், தமிழ் எடுத்தா ரிசல்ட் போயிரும்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் வேணாம்னேன். உண்மையா சார்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதினைந்து. நான் மேசைக்கடியில் சாரின் காலை மிதித்தேன்.

"போகலாம்" என்றார் சார். "தமிழ்ல ஏ எடுக்கறது கஷ்டம். நெறைய பேரு எடுக்கல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆனா இவ எடுப்பா. நான் இத்தன வருஷத்துல யாருக்கும் பத்தொன்பது போட்டதில்ல."

அப்பா சார் முகத்தைப் பார்த்தார். தாளிலிருந்த நாலு முகங்களைப் பார்த்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க சார் கையெழுத்துப் போடணும்? என் கடையில துணி சாயம் போகும்னு நான் இப்படி உண்மைய யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

அடுத்த ஆண்டு, புதிய தவணையின் முதல் நாள் மதியம் நான் பக்கத்து வகுப்பில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சார் வருகைப்பதிவு எடுத்தது கேட்டது. பதினைந்து பெயர், பதினைந்து "உள்ளேன் ஐயா". ஒருவரும் குறையவில்லை. பிறகு மறுபடியும் முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தவரிடம், "என்னா சார், ரெண்டு தடவ கூப்பிட்டீங்க?" என்றேன்.

"மொத தடவ பதிவுக்கு, டீச்சர். ரெண்டாவது எனக்கு."

அவருடைய பையை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்தேன். இந்த மனிதர் எனக்குப் பக்கத்து மேசைக்காரராக வாய்த்தது என் அதிர்ஷ்டம்.