ஜோர்ஜியாவுக்கு வழி

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
15 ஒக்ரோபர் 1996

மதிப்புக்குரிய ‘பனிமுகில்’ வார ஏட்டின் ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அச்சுக்கூடமும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

சோவியத்திலிருந்து பிரிந்த நாடுகளைப் பற்றி எழுதும்படி கேட்டவர் தாங்கள்தான். பேராதனையில் புவியியல் படித்தவள், ஊரில் அதையே கற்பித்தவள் என்பதால் ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் நூலகத்தில் இருந்து ‘ஜோர்ஜியா: ஓர் அறிமுகம்’ எழுதினேன். வடக்கே கொக்கேசிய மலை, மேற்கே கருங்கடல் என்று எழுதினேன். நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற அரசு அது, 1801இல் ரஷ்யப் பேரரசு அதை விழுங்கியது, முதல் உலகப் போருக்குப் பிறகு மூன்றே ஆண்டு தனிநாடாக இருந்து மறுபடி சோவியத்துக்குள் போனது, 1991இல் வெளியே வந்ததும் தன் தலைநகர் திபிலிசியின் தெருக்களிலேயே சண்டை போட்டது, போன வருடம்தான் புதிய அரசியலமைப்பு வந்தது என்றெல்லாம் எழுதினேன். அப்காசியா பிரிந்ததையும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்ததையும் பற்றிய பந்தியைத் தாங்கள் வெட்டிவிட்டுச் சேலைக்கடையின் தீபாவளி விளம்பரத்தைப் போட்டீர்கள். கேட்டதற்கு, “அக்கா, எங்கட சண்டையையே வாசிச்சுச் சனம் களைச்சுப் போச்சு. உது எதுக்கு?” என்றீர்கள். பொறுத்துக்கொண்டேன்.

வரைபடத்தைப் பொறுக்க முடியாது. ஆடியில் ஒலிம்பிக் சிறப்பிதழுக்குப் போட்டு மிஞ்சிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலப் படத்தை என் கட்டுரைக்கு நடுவே ஒட்டியிருக்கிறீர்கள். கருங்கடல் இருக்க வேண்டிய இடத்தில் அலபாமா இருக்கிறது. படத்தில் தலைநகராக இருக்கும் அட்லாண்டாவின் மேல் ‘திபிலிசி’ என்று கையால் எழுதியிருக்கிறீர்கள்.

இதன் விளைவைக் கேளுங்கள். டோர்செட் பார்க்கில் மங்கையற்கரசி என்றொரு பெண் இருக்கிறார். அவருடைய தம்பி ஸ்ரீதரன் எட்டு மாதத்துக்கு முன் ஊரிலிருந்து, களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு மொஸ்கோ வழியாகக் கனடாவுக்குப் புறப்பட்டவர். ஆறு வாரமாகத் தகவல் இல்லை. போன புதன்கிழமை தொலைபேசியில் வந்து, ஜோர்ஜியாவில் நிற்கிறேன், வெயில் சுடுகிறது, வந்து கூட்டிப்போங்கள் என்று சொல்ல, இணைப்பு அறுந்துவிட்டது. அன்று மாலையே மங்கையற்கரசியும் கணவர் குலசிங்கமும் தங்கள் ஏட்டை விரித்து, அடிமட்டம் வைத்து அளந்து, நீண்ட வார விடுமுறைக்கு வாடகை வான் எடுத்து, புட்டு அவித்துக் கட்டி, சனிக்கிழமை காலை வழி கேட்க என் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“ரீச்சர், நீங்கள்தானே எழுதினனீங்கள். பஃபலோவால இறங்கி நேர கீழ போனால் சரிதானே?” என்றார் குலசிங்கம்.

கார் தரிப்பிடத்தில் நின்று, வானின் முன்பக்கத்தில் என் அட்லசை விரித்து, மொஸ்கோவுக்குப் போனவன் நிற்கக்கூடிய ஜோர்ஜியா எது என்று ஒரு மணிநேரம் விளக்கினேன். தம்பி வெயில் சுடுகிறது என்றானே என்று மங்கையற்கரசி கேட்டார். கருங்கடல் கரை இளஞ்சூடானது, தேயிலையும் தோடம்பழமும் விளைகிற இடம் என்றேன்.

“அப்ப என்ர தம்பி ரஷ்யாவுக்குப் பின்னாலயே நிக்கிறான்?” என்றார் அவர்.

“ஓம்” என்றேன்.

அவர் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. ஒரு நாள் ஓட்டத்தில் தம்பி நிற்கிறான் என்று மூன்று நாள் நம்பிய ஒரு மனுசியிடம், இல்லை, உலகத்தின் மறுபக்கத்தில் நிற்கிறான் என்று சொல்ல வேண்டிய வேலையை எனக்குத் தந்தது தங்கள் வரைபடம். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் மன்னிப்பும், சரியான வரைபடமும், அப்காசியப் பந்தியும் வர வேண்டும். வராவிட்டால் ஆர்மேனியாவை வேறு யாரிடமாவது எழுதி வாங்குங்கள்.

தங்கள் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. தங்களுக்கு நல்ல புத்தியும் ஒரு நல்ல அட்லசும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அருள்நாயகி

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் குலசிங்கம் வந்துவிட்டார். ஸ்ரீதரன் மறுபடி தொலைபேசியில் வந்தாராம். ஏஜென்சிக்காரன் மொஸ்கோவிலிருந்து எப்படியோ சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டது அட்லாண்டாவில். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பஸ் நிலையத்து வாசலில் அக்கா வருவார் என்று வழி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாளை விடியப் புறப்பட்டுப் போய் அகதி விண்ணப்பம் கொடுக்கக் கனடா எல்லைவரை கூட்டிவரப்போகிறார்கள். மங்கையற்கரசி மறுபடி புட்டு அவிக்கிறாராம். குலசிங்கம் என்னை ஒன்றும் குறை சொல்லவில்லை. “ரீச்சர், அந்தப் பேப்பர் இன்னுமொண்டு இருக்கே? வழி பார்க்க வேணும், எங்கடது கிழிஞ்சு போச்சு” என்று மட்டும் கேட்டார். என் பிரதியைக் கொடுத்துவிட்டேன். மன்னிப்பும் புதிய வரைபடமும் வேண்டாம். அப்காசியப் பந்தியை மட்டும் போடுங்கள்.