எர்த்துவின் நாலாவது ஆள்

எனக்குப் பாட வரும் என்று நான் நம்பியிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஹாஸ்டல் குளியலறையில் நான் வாயைத் திறந்ததும் அக்கம்பக்கத்து அறைகளில் ஜன்னல் சாத்துவார்கள். கொசுவுக்காகச் சாத்துகிறார்கள் என்றே இரண்டு செமஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்பேர்ப்பட்டவன் ஒரு இசைக்குழு ஆரம்பித்தால், அதில் டிரம்ஸ் வாசிக்க யார் வருவார்கள்?

எர்த்து வந்தான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எத்தனையோ கம்பெனி, எத்தனையோ லட்சம் ஸ்விட்சு. அத்தனையையும் சந்தேகப்பட்ட ஒரே மனிதன் அவன்தான். மண்ணூர்க்காரன், எங்களோடு எலெக்ட்ரிகல் படித்தவன். எதை யார் சொருகினாலும் "எர்த்து குடுத்தியா?" என்பான். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். ஒருமுறை கோயில் மணியை டெஸ்டரால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடித்தான். பூசாரி முறைத்தார். "சாமிக்கு பவர் அதிகம் சாமி" என்று அவரையே சமாதானப்படுத்தினான்.

கிட்டார் வாசித்தவன் செல்வின், தூத்துக்குடிப் பையன். ஆக மொத்தம் நாங்கள் மூன்று பேர். ஆனால் குழுவுக்கு எர்த்து வைத்த பெயர் 'நாலு பேரு'. ஏன் என்று கேட்டதற்கு, "போகப் போகத் தெரியும்" என்றான். ஏதோ தத்துவம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

ஒத்திகைக்கு வல்லம் வடகாலில் எர்த்துவின் மாமா காலி செய்துவிட்டுப் போன வீடு கிடைத்தது. சுற்றியிருந்த நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போய், அந்த ஒரு வீடு மட்டும் கம்பெனி மதிலை ஒட்டித் தனியாக நின்றது. பட்டப்பகலிலேயே அங்கே காக்காய் உட்காராது. எங்கள் பின்னாலேயே வாலாட்டிக்கொண்டு வரும் டீக்கடை நாய் வாசல் வரை வந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்ததுபோல் திரும்பிவிடும். என் பாட்டைக் கேட்டுத்தான் போகிறது என்றான் செல்வின். நான் அப்போது பாட ஆரம்பித்திருக்கவே இல்லை.

முதல் நாளே அந்தச் சத்தம் கேட்டது. பின்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தரை வழியாக, தம்... தம்... தம். கடிகாரம் தோற்றுப்போகும் ஒழுங்கு.

"பிரஸ் மெஷின்ல, தகடு அடிக்கான்" என்றான் செல்வின்.

எர்த்து தலையாட்டவில்லை. மூலையில் கிடந்த பிளாஸ்டிக் சேரை எடுத்து, தூசி தட்டி, சுவரோரம் போட்டான். பிறகு அந்தத் தாளத்தோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தான். அதற்கு முன் ஒரு பாட்டை முழுசாக முடித்ததில்லை நாங்கள். அன்றைக்கு முடித்தோம்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சத்தம் வரும்வரை எர்த்து குச்சியை இறக்கமாட்டான். பார்சல் டீ வந்தால் நாலு கப்பில் ஊற்றி, ஒன்றை அந்தச் சேரில் வைப்பான். அது ஆறி, ஆடை கட்டி, வீணாகும். வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் வளர்ந்த விதம் இடம் கொடுக்கவில்லை. ஒருநாள் எர்த்து வெளியே போன சமயம் எடுத்துக் குடித்துவிட்டேன்.

சத்தம் நின்றுவிட்டது.

உள்ளே வந்த எர்த்து கப்பைப் பார்த்தான், என் மீசையைப் பார்த்தான். "அவரு டீய நீ ஏன்டா குடிச்ச?"

"எவரு டீ?"

"போய் வேற வாங்கினு வா. சக்கர கம்மியா."

வெயிலில் போய் வாங்கி வந்தேன். கப்பைச் சேரில் வைத்துக் கையை எடுக்கவில்லை, அதற்குள் தம் என்றது. கம்பெனியில் டீ பிரேக் முடிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குரல் மட்டும் அன்றைக்கு முழுக்க நடுங்கியது. அது வழக்கமாகவே நடுங்கும் குரல் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

இதற்கிடையில் எர்த்துவுக்கு வேலை கிடைத்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ட்ரெயினி. கல்லூரி விழா முடிந்த திங்கட்கிழமை சேர வேண்டும். விழாவில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாட்டு. அதில் சொதப்பினால் 'நாலு பேரு' பிறக்கும்போதே செத்தது என்று அர்த்தம். சொதப்பாவிட்டாலும், ஷிப்டுக்குப் போனவன் திரும்பி வந்து டிரம்ஸ் வாசித்ததாக எங்கள் பக்கம் சரித்திரம் இல்லை. எனக்குப் பயம் அதுதான்.

ஆயுத பூஜை மத்தியானத்தில் கடைசி ஒத்திகை. ரோட்டில் ஒரு லாரி இல்லை. எல்லாக் கம்பெனி கேட்டிலும் வாழை மரம், வாசலில் உடைத்த பூசணி. நாங்கள் போய் உட்கார்ந்தோம். தம்... தம்... தம்.

செல்வின் கிட்டாரைக் கீழே வைத்தான். "ஏல, இன்னிக்கு லீவுல்லா?"

நானும் அவனும் மதிலைச் சுற்றிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு ஓடினோம். செக்யூரிட்டி பொரி தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, பின்னாடி மூலையில பிரஸ் ஓடுதே?"

"மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சி, பூட்டிக்கினு போயிட்டாங்க. எந்த மூலைய சொல்ற நீ?"

கை காட்டினேன்.

"அங்க இன்னா கீது, முள்ளுச் செடிதான் கீது. ஷெட்டே கட்டல தம்பி. இந்தா, பொரி துன்னு."

பொரியோடு திரும்பி வந்தோம். எர்த்து ஒன்றும் கேட்காமல் ஒரு பிடி பொரியை எடுத்துச் சேரில் வைத்தான். "அவருக்குக் கடலை பிடிக்குமால?" என்று மெதுவாகக் கேட்டான் செல்வின்.

விழா அன்று மேடைக்கும் அந்தச் சேர் வந்தது. "நாலு பேரு!" என்று அறிவித்த பெண், எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு மைக்கிலேயே சிரித்தாள். காலியாகத்தானே இருக்கிறது என்று வாலண்டியர் பையன் ஒருவன் சேரைத் தூக்கிப்போய்க் கீழே துறைத்தலைவருக்குப் போட்டுவிட்டான். எர்த்து குச்சியைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தான். அரங்கம் காத்திருந்தது. பிறகு ஊளையிட்டது.

"ஆரம்பிடா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆளு வரல."

இறங்கிப் போனேன். துறைத்தலைவர் முன்னால் நின்று, "சார், எங்க ஆளுக்கு சேர் வேணும்" என்றேன்.

"எங்கப்பா ஆளு?"

"வந்துருவாரு சார்."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, எழுந்து கொடுத்தார். மேடைக்குக் கொண்டுபோய் டிரம்ஸ் பக்கத்தில் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பலகைக்கு அடியிலிருந்து என் உள்ளங்காலில் ஏறியது. தம். எர்த்துவின் குச்சி இன்னும் மேலேதான் இருந்தது. தம். அரங்கம் அடங்கியது. மூன்றாவதில் அவன் சேர்ந்துகொண்டான், நான் பாடினேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. என் வாழ்க்கையில் அது புதிது.

இறங்கியதும் துறைத்தலைவர் கை கொடுத்தார். "உங்க நாலாவது பையன் தாளம் பிரமாதம்ப்பா. கடைசி வரைக்கும் தலையைக் குனிஞ்சே உட்கார்ந்திருந்தானே, எந்த டிபார்ட்மெண்ட்?"

செல்வின் என் கையைப் பிடித்துக்கொண்டான். எர்த்து மட்டும், "மெக்கானிக்கல் சார்" என்றான் சாதாரணமாக.

பஸ் ஸ்டாப்பில் மூன்று பேரும் நின்றோம். வேலைக்குப் போகப்போகிறவன் முகத்தில் வருத்தமே இல்லாதது எனக்குக் கோபமாக வந்தது. அந்தக் காலிச் சேரைவிட இவன் இல்லாத ஒத்திகைதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், "திங்கக்கிழம நீ கம்பெனிக்குப் போயிடுவ. அப்புறம் நாங்க ரெண்டு பேரு அந்த வீட்டுல என்னடா பண்றது?" என்றேன்.

"எனுக்கு பி ஷிப்டு, மத்தியானத்துக்கு மேலதான். காலைல ஒத்திகைக்கு வந்துரு."