ட்யூப் போடாமல் அனுப்பிவிட்டார்கள்

வீரபத்திரன் ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது, அவர் வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பங்காளிகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்குத்தான் ஆகியிருந்தது.

காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஆஸ்பத்திரியை விட்டு வந்திருந்தார். பல வருடமாகக் குடியிருக்கும் மஞ்சள்காமாலை பி வைரஸ் கல்லீரலை எதுவரை கெடுத்திருக்கிறது என்று பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். படுக்கவைத்து, விலாவில் ஒரு கருவியை அழுத்தி, லேசாகச் சில தட்டு தட்டினார்கள். கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் அவ்வளவாக இறுகவில்லை, ரத்தத்தில் தட்டணுக்களும் குறையவில்லை என்றார் டாக்டர். இரண்டும் இப்படி இருந்தால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய் ஆபத்தாகப் புடைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வாய்வழியே ட்யூப் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு அடுத்த வருஷம் வந்தால் போதும்.

அந்த ட்யூபுக்குப் பயந்து ஒரு மாதமாகத் தூங்காதவர் அவர். பாஸான பெருமையில் மனைவி நாகலெட்சுமிக்குப் போன் போட்டு, "ட்யூப் வேணாம்னு வீட்டுக்கு அனுப்பிட்டாக" என்று சொன்னார். அதோடு சார்ஜ் போய்விட்டது.

மீதியை ஊர் சொல்லிக்கொண்டது: இனி ட்யூப் போட்டும் பிரயோஜனமில்லை என்று டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்களாம்.

மகள் யுவராணிக்குப் பரிசம் போட நாள் குறிக்க, மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலம் வருவதாக இருந்தது. அதற்குள் இந்தக் கூட்டத்தைக் கலைத்தாக வேண்டும்.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே," என்றார், பெரியப்பா மகன் செல்லச்சாமியிடம்.

"ஊசி போட்டாகளா?"

"இல்ல. ரத்தம் எடுத்தாக."

"குளுக்கோஸ் ஏத்துனாகளா?"

"அதெல்லாம் தேவையில்லண்ணே."

"எடுக்குறத எடுத்துக்கிட்டு, ஒண்ணுமே ஏத்தாம அனுப்பிட்டாகளாக்கும்." செல்லச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாய்ப்பேச்சு உதவாது என்று தெரிந்ததும் வீரபத்திரன் ஒரு மிளகாய் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்து வாசலைச் சுற்றி வந்தார். கூட்டம் அழுதது. மகளை நினைத்து வலியை மறைக்கிறாராம். சரி, சாப்பிட்டுக் காட்டலாம் என்று உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கினார். ஆசைப்பட்டதையெல்லாம் போடுங்கள் என்று பக்கத்து வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்த நர்ஸிடம், "எனக்கு ஒரேயொரு தடவை ட்யூப் போட்டு விட்டுருங்கம்மா," என்று கெஞ்சினார்.

"தேவைப்படாதவங்களுக்குப் போடுறதில்லய்யா. நிம்மதியா வீட்டுல இருங்க."

நாகலெட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி தர்மராஜ் மனைவியோடு வேனில் வந்து இறங்கினார். சாயல்குடிப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் அறுபது வயதிலும் தானே வண்டி ஓட்டி ஜெயிப்பவர். மீசை அதற்கேற்றபடி இருந்தது. செல்லச்சாமி அவரைத் தனியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். திரும்பி வந்த தர்மராஜ் உட்காரவில்லை.

"சங்கடந்தேன். ஆனா எங்க பரம்பரையில ஆஸ்பத்திரி வாசல மிதிச்ச ஆளு கிடையாது. நோய்க்காரக குடும்பத்துல பொண்ணெடுத்தா ஊரு என்ன பேசும்? இந்தப் பேச்ச இத்தோட விட்ருவோம்."

வாசற்படியில் நின்ற யுவராணியின் முகம் கறுத்தது. பார்த்த வீரபத்திரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கல்லீரலு நல்லாருக்குன்னு மிஷினே சொல்லிருச்சு. அதுல எனக்குப் பெருமைதேன். நம்புறவுக இருங்க, மத்தவுக எந்திரிச்சுப் போங்க," என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் நம்பவுமில்லை.

தர்மராஜின் மனைவி பாண்டியம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"நான் நம்புறேண்ணே. ஆறு வருசத்துக்கு முந்தி மதுரையில இவுக விலாவுலயும் இதே மாதிரி தட்டிப் பாத்துட்டு, ட்யூப் வேணாம்னுதேன் அனுப்புனாக."