அருந்ததி தெரியாத அட்லஸ்

பெண் பார்ப்பதற்கு வருடக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. ஒரு புத்தகம் பார்க்க அப்படி அலைந்தவர் உலகத்திலேயே எங்கள் அட்லஸ் அண்ணன் ஒருவர்தான். பினாங்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கே மறந்துவிட்டது.

அண்ணனுக்கு வேண்டியது அச்சிட்ட நட்சத்திர அட்லஸ். அதில் சப்தரிஷிகளில் வசிஷ்டரை ஒட்டி மினுங்கும் குட்டி அருந்ததி தனியாகத் தெரிய வேண்டும். எல்லாம் அவர் கல்யாணத்தில் வந்த வினை. பட்டப்பகலில், மண்டபத்துக்குள், "அருந்ததி பாருங்கோ" என்று ஐயர் கை நீட்ட, அண்ணன் சுழலும் ஃபேனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார்.

"எனக்கு ஃபேனைக் காட்டின மனுசன் தம்பி இவரு" என்று அவர் மனைவி சரசு அக்கா இன்றைக்கும் விடுவதில்லை.

"நேரா வானத்தைக் காட்டிடுங்க. புக்கு எதுக்குண்ணே?" என்றேன்.

"அக்கா ஆதாரம் கேப்பாங்க தம்பி. ஒரு வாட்டி ஏமாந்தவங்க."

ஒரு சனிக்கிழமை என்னையும் புத்தகக் கடைக்கு இழுத்துப் போனார். இருட்டில் கண் கூசாமலிருக்கச் சிவப்பு வெளிச்சத்தில்தான் அட்லஸ் பார்க்க வேண்டுமாம். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு கடை மேசைக்கடியில் புகுந்துவிட்டார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அங்கிள், என்னா செய்றீங்க? போன்ல ஆப் இருக்கு லா!" என்று பதறினாள் விற்பனைப் பெண்.

"அதுல நட்சத்திரம் தேடினா மச்சான் கால் பண்றான்மா" என்றன கால்கள். பிறகு கடையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சல். "இதுல வசிஷ்டரு மட்டும் நிக்கிறாரு! பொண்டாட்டி எங்க?"

காவலாளி வந்தார். நான் சமையல் புத்தகங்கள் பக்கம் நழுவினேன்.

இப்படியே இழுத்துக்கொண்டிருக்கையில் அக்காவின் பார்வை மங்கத் தொடங்கியது. கண்ணில் அழுத்தம், போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அண்ணன் தேடியதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அக்காவே கடைக்கு வந்து, பெரிய எழுத்தில் இருந்த பிள்ளைகள் அட்லஸை எடுத்தார்.

"இது போதுங்க. அவ இல்லாட்டி நீங்களே பேனாவால வைங்க."

பணம் கட்டுவதற்கு முன்பே அண்ணன் புள்ளி வைத்துவிட்டார்.

அப்புறம் எங்கள் ஊர் மேகம் விளையாடியது. அந்தி சாய்ந்ததும் மூவரும் நகர வெளிச்சம் எட்டாத பாலிக் புலாவ் பக்கம் போவோம். அங்கே போய் இறங்கினால் மழை. அக்கா குடையைப் புருஷனுக்குப் பிடிக்காமல் அட்லஸுக்குப் பிடிப்பார். லக்சா சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம்.

பிறகு மகன் இருவரையும் கோலாலம்பூருக்கு அழைத்துப் போய்விட்டான். அங்கே விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரமே கிடையாதாம். அடுத்த மேசைக்கு ஒரு நல்ல பையன் வந்திருக்கிறான். எனக்குத்தான் அவனிடம் பேச்சே வரவில்லை.

போன வாரம் இருட்டிய பிறகு கடலோரத்தில் நின்றிருந்தேன். அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"அக்காவுக்கு இப்ப நிலாவே சரியாத் தெரியல தம்பி. அங்க வானம் எப்படி?"

வடக்கே மேகம் துளியும் இல்லை. ஏழு பேரும் பளிச்சென்று இருந்தார்கள். வசிஷ்டர் பக்கத்தில் அவளும் இருந்தாள்.

"இங்கயும் ஒரே மேகம்ணே" என்றேன்.